ஃபேன்: தாய்லாந்துத் தொடர்களில் வரும் இந்தச் சொல்லுக்குத் தமிழில் எது சரி?

தாய்லாந்தின் ஆண்–ஆண் காதல் தொடர்களைப் பார்க்கிறவர்கள் இந்தச் சொல்லைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். "பென் ஃபேன் கன் மை?", அதாவது 'நாம் ஃபேன் ஆகலாமா?', என்று ஒருவன் கேட்பான், மற்றவன் வெட்கத்தோடு தலையசைப்பான், பின்னால் பாட்டு ஆரம்பிக்கும், கதையும் கிட்டத்தட்ட முடிந்துவிடும். சப்டைட்டிலில் ஃபேன் 'பாய்ஃபிரண்ட்' ஆகிறது, தமிழில் எழுதுகிறவர்கள் 'காதலன்' என்று போடுகிறார்கள். இரண்டும் தவறில்லை, ஆனால் அந்தச் சொல்லின் பாதி அங்கேயே விடுபட்டுப் போகிறது. விடுபட்ட பாதியைத்தான் பெரும்பாலான தொடர்களும் காட்டுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருள். ஃபேன் என்றால் காதலன், காதலி, கணவன், மனைவி எல்லாமே. ஆண், பெண் வேறுபாடு கிடையாது, கல்யாணம் ஆனதா இல்லையா என்ற வேறுபாடும் கிடையாது. நேற்று சம்மதம் சொன்னவரும் ஃபேன், முப்பது வருஷமாகச் சேர்ந்து குடித்தனம் நடத்துகிறவரும் ஃபேன். வயதான கடைக்காரர் ஒருவர் 'என் ஃபேன்' என்று சொன்னால் பெரும்பாலும் வீட்டுக்கார அம்மாவைத்தான் சொல்கிறார். "மீ ஃபேன் ரு யங்?" என்பது அங்கே புதிதாகப் பழகுகிறவர்கள் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி, 'ஆள் இருக்கா, இல்ல இனிமேதானா?' என்கிற மாதிரி. பிரிந்துபோனவர் 'ஃபேன் காவ்', அதாவது பழைய ஃபேன்.

சொல்லின் வேர் ஆங்கிலம். ரசிகர் என்ற பொருளில் வரும் அதே ஃபேன்தான். தாய்லாந்தின் அரச அகராதியும் ரசிகர், காதல் துணை என்ற இரண்டு பொருளையும் தருகிறது. ரசிகர் மன்றத்தை இன்றைக்கும் அங்கே ஃபேன் க்ளப் என்றுதான் சொல்கிறார்கள். (நம் வீட்டுக் கூரையில் சுற்றும் மின்விசிறிக்கு அவர்களிடம் 'பட்லோம்' என்று தனிச் சொல் இருப்பதால் குழப்பம் வராது.) விரும்பிப் பின்தொடர்கிறவர் என்ற பொருள் விரும்பப்படுகிறவருக்கு நகர்ந்து, அங்கிருந்து கூடவே வாழ்கிறவர் வரைக்கும் விரிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொல் இந்தத் தூரம் வரவே இல்லை, இது முழுக்கத் தாய்லாந்துக்காரர்கள் செய்த வேலை.

அவர்களிடம் முறையான சொற்களும் உண்டு. கணவனுக்கு 'சாமீ', மனைவிக்கு 'பன்ரயா'. உற்றுப் பார்த்தால் இரண்டும் நமக்குத் தெரிந்தவைதான், சுவாமி, பாரியாள் என்று தமிழுக்கு வந்த அதே சமஸ்கிருதச் சொற்கள். ஆனால் இவை ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம் என்று நிற்பவை. இரண்டு ஆண்கள் வாழும் வீட்டுக்கு அவற்றைப் பொருத்தினால் உடனே 'யார் கணவன், யார் மனைவி' என்ற அசட்டுக் கேள்வி முளைக்கிறது. பல தொடர்கள் அந்தக் கேள்வியையே நகைச்சுவையாக ஓட்டியிருக்கின்றன, ஒருவனை இன்னொருவன் 'மியா', அதாவது பெண்டாட்டி, என்று கூப்பிடுவது ஒரு காலத்தில் வழக்கமான காட்சி. ஃபேன் என்ற சொல்லில் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது தொடர்களுக்கு வருவோம். தாய்லாந்தில் இந்த வகைக்கு 'சீரீஸ் வாய்' என்று பெயர். யாவோய் என்ற ஜப்பானியச் சொல்லின் முதல் ஆங்கில எழுத்துதான் அந்த 'வாய்'. 2014-இல் 'லவ் சிக்', 2016-இல் 'சோட்டஸ்' என்று வளர்ந்து, 2020-இல் '2கெதர்' மூலமாக உலகம் முழுக்கப் போனது. நிறைய கதைகள் இணையத்தில் எழுதப்பட்ட நாவல்களிலிருந்து வருகின்றன, அவற்றில் நிறைய கல்லூரிக் கதைகள், ஆகவே தொடரின் முக்கால்வாசி 'ஜீப்'பிலேயே போய்விடுகிறது. ஜீப் என்றால் பின்னால் சுற்றி மனதைக் கவர்வது. இதற்கு ஒரு வியாபாரக் காரணமும் இருக்கிறது. நடிகர்களை ஜோடியாகவே விற்கும் முறை அங்கே உண்டு, அதற்கு 'கூ ஜின்' என்று பெயர், ரசிகர்கள் கற்பனை செய்துகொள்ளும் ஜோடி என்று அர்த்தம். சேர்வார்களா என்ற தவிப்பு விற்கிற மாதிரி மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற சண்டை விற்காது என்று தயாரிப்பாளர்கள் நினைக்கிறார்கள்.

இதை நம் திருக்குறளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காமத்துப்பாலில் களவியலுக்கு 7 அதிகாரம், கற்பியலுக்கு 18. ரகசியமாகச் சந்தித்துக் காதலிப்பது களவு. அதற்கப்புறம் சேர்ந்து வாழ்வது, பிரிந்து காத்திருப்பது, ஊடுவது, சமாதானமாவது எல்லாம் கற்பு. இரண்டு மடங்குக்கும் மேலான இடம் இரண்டாவதற்குத்தான். சீரீஸ் வாய் இந்தக் கணக்கை அப்படியே தலைகீழாக்குகிறது, களவுக்கு பதினோரு எபிசோடு, கற்புக்குக் கடைசி எபிசோடின் கடைசிப் பத்து நிமிடம்.

ஆனால் விதிவிலக்குகள் உண்டு, இந்தச் சொல்லின் முழு அர்த்தமும் அவற்றில்தான் புரிகிறது. 2017-இல் வந்த 'சோட்டஸ் எஸ்', முதல் பாகத்தில் சேர்ந்த ஆர்த்தித்தையும் கோங்போப்பையும் எடுத்துக்கொண்டுபோய் அலுவலகத்தில் நிறுத்தியது. (ஆர்த்தித் என்ற பெயர் நம் ஆதித்தன்தான், சூரியன்.) ஆர்த்தித் வேலை பார்க்கும் கம்பெனிக்கே கோங்போப் பயிற்சிக்கு வருகிறான். கல்லூரியில் எல்லாருக்கும் தெரிந்த உறவை வேலையிடத்தில் மறைக்க வேண்டியிருக்கிறது, மறைப்பதால் மற்றவனுக்கு வலிக்கிறது. 2019-இன் 'டார்க் ப்ளூ கிஸ்' இன்னும் நேரடியானது. பீட், காவ் இருவரும் முந்தைய தொடர்களிலேயே சேர்ந்துவிட்டார்கள், ஆகவே கதை தொடங்கும்போதே அவர்கள் ஃபேன். பீட்டின் அப்பாவுக்கு விஷயம் தெரியும், காவ் தன் அம்மாவிடம் வாயைத் திறக்கவே முடியாமல் தவிக்கிறான். அதே உறவு ஒரு வீட்டில் வெளிச்சத்திலும் இன்னொரு வீட்டில் ஒளிவிலும் நடக்கிறது. சந்தேகம், கோபம், அதைச் சொல்லத் தெரியாத பிடிவாதம் எல்லாமே வாழ்ந்து பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரியும். வில்லன் செய்யும் சூழ்ச்சிகள் மட்டும் கொஞ்சம் அதிகப்படி.

'ஐ டோல்ட் சன்செட் அபௌட் யூ' தொடரை எல்லாரும் கொண்டாடினார்கள். அதன் தொடர்ச்சியாக 2021-இல் வந்த 'ஐ ப்ராமிஸ்ட் யூ தி மூன்' ரசிகர்கள் பலரை வருத்தப்பட வைத்தது, எனக்கு அதுதான் முக்கியமானது. புக்கெட்டில் காதலித்த இரண்டு பையன்கள் பாங்காக்கில் வேறு வேறு ஆட்களாக வளர்கிறார்கள், ஒருவனுக்கு இன்னொருவர் மேல் ஈர்ப்பு வருகிறது, உடைகிறது. யாரும் கெட்டவர் இல்லை. காதல் பொய்யாகவும் இல்லை, ஆனாலும் உடைகிறது.

இதில் எல்லாவற்றையும் விட நான் உயரத்தில் வைப்பது 2023-இல் வந்த 'மூன்லைட் சிக்கன்'. 'டார்க் ப்ளூ கிஸ்' எடுத்த அதே நொப்பர்னாச் சாய்விமோல் இயக்கியது, எட்டே எபிசோடு, பட்டாயாவில் கோழிச்சோற்றுக் கடை நடத்தும் நடுவயது ஜிம்மைப் பற்றியது. ஜிம்மைச் சந்திக்கும் வென் தன் பழைய துணை ஆலனோடு இன்னும் ஒரே வீட்டில் இருக்கிறான். காதல் தீர்ந்துவிட்டது, வீடு மட்டும் இன்னும் பொதுவாக இருக்கிறது. ஆலன் 'ஃபேன் காவ்', பழைய ஃபேன்தான், ஆனால் அது முடிந்துவிட்டது என்று அவனால் ஏற்கவே முடியவில்லை. ஜிம்மோ முன்பு கூட வாழ்ந்தவரை இழந்த காயத்தோடு, கடைக்கான பணக்கவலையோடு, இனிமேல் ஒரு ஃபேன் வேண்டுமா என்றே யோசிக்கிறான். 'காதலன் வேண்டுமா' என்று அதை எழுதிப் பாருங்கள், அவன் வயதும் களைப்பும் அந்தச் சொல்லில் உட்காராது.

இன்னொரு விஷயம், இது கதைக்கு வெளியே. ஃபேன் பேச்சுச் சொல், சட்டத்துக்கு அது தெரியாது. ஆகவே எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலும், ஒருவர் மருத்துவமனையில் கிடந்தால் மற்றவருக்குச் சட்டப்படி மனைவி அல்லது கணவனுக்குரிய எந்த உரிமையும் இல்லாமல் இருந்தது, சொத்திலும் அப்படியே. 2024-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், 'சாமீ–பன்ரயா' வகைச் சொற்களை எடுத்துவிட்டு 'கூ சொம்ரொட்' என்ற பொதுச் சொல்லை வைத்தது. 2025 ஜனவரி 23 அன்று ஒரே பால் ஜோடிகள் திருமணத்தைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். 'கூ' என்றால் இணை, 'சொம்ரொட்' என்பது சமரச என்ற சமஸ்கிருதச் சொல்லின் தாய்லாந்து உருவம், நாம் சண்டையைத் தீர்ப்பதற்குச் சொல்லும் சமரசம் அங்கே திருமணத்தைக் குறிக்கிறது. இனி எழுதப்படும் தொடர்களில் ஃபேன், கூ சொம்ரொட் இரண்டுமே வரும். இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்த்தால் பதிவு செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் காணாமல் போகும்.

சரி, தமிழில் என்ன? பேச்சுத் தமிழில் ஃபேனின் முதல் பாதிக்குக் கச்சிதமான சொல் நம்மிடம் இருக்கிறது: 'ஆள்'. 'என் ஆளு', 'உனக்கு ஆள் இருக்கா' என்பதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை, இளசுகளின் வாயில் இயல்பாகவும் வரும். ஆனால் முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவரை யாரும் 'என் ஆளு' என்பதில்லை. அங்கே 'எங்க வீட்ல' வந்துவிடும், அதுவும் இருபாலுக்கும் பொது. நாம் இரண்டாகப் பிரித்து வைத்ததைத் தாய்லாந்து மொழி ஒரே சொல்லில் வைத்திருக்கிறது.

எழுத்துத் தமிழில் 'காதலர்' மோசமில்லை, குறளின் கற்பியலில் தலைவி பிரிந்துபோன கணவரைக் 'காதலர்' என்றுதான் சொல்கிறாள். இன்று அந்தச் சொல்லில் கல்யாணத்துக்கு முந்தைய காலத்தின் வாசனை ஏறிவிட்டது என்பதுதான் குறை. 'துணைவி', 'துணைவன்' பாலைப் பிரிக்கின்றன, அதோடு 'துணைவி'க்குத் தமிழ்நாட்டில் மனைவி அல்லாதவர் என்ற நிழலும் உண்டு. என் தேர்வு 'இணையர்'. பால் கிடையாது, மரியாதை இருக்கிறது, சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்ட பலர் ஏற்கெனவே புழங்கும் சொல்.

ஆகவே கல்லூரிப் பையன்கள் பேசும் வசனத்தில் 'ஆள்', கட்டுரையிலும் கதைச்சுருக்கத்திலும் 'இணையர்', கூ சொம்ரொட்டுக்கு 'மணத்துணை' என்று வைத்துக்கொள்ளலாம். ஆலனை எப்படிச் சொல்வது என்றால், 'வென்னின் முன்னாள் இணையர்'. 'முன்னாள் காதலன்' வேண்டாம்.