மென்செறிபொருள்: ஒரு சொல் விளக்கம்

இளநிலை இயற்பியல் மாணவர்களுக்கு ‘சாஃப்ட் மேட்டர்’ பாடத்தைத் தமிழில் எடுக்கப் போனால் தலைப்பிலேயே முட்டிக்கொள்ளும். சாஃப்ட் என்றால் மென்மை, மேட்டர் என்றால் பொருள். சேர்த்தால் மென்பொருள். அந்தச் சொல்லைக் கணினித் துறை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. நான் பலகையில் ‘மென்பொருள் இயற்பியல்’ என்று எழுதிய நாளில், “சார், இது கம்ப்யூட்டர் பேப்பரா?” என்று முதல் வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. வேறு சொல் வேண்டும் என்பது அன்றைக்கே எனக்கு உறைத்தது.

சொல்லைத் தேடுமுன் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நன்றாக உறைந்த தயிர்க் கிண்ணத்தைச் சற்றுச் சாய்த்தால் தயிர் நகராது. கரண்டியால் ஒரு துண்டு வெட்டி எடுத்தால் வெட்டிய விளிம்பு அப்படியே நிற்கும், கொஞ்ச நேரத்தில் அந்தப் பள்ளத்தில் நீர் ஊறும். இதுவரை திடப்பொருள். அப்புறம் அதே கரண்டியால் பத்துச் சுற்று சுற்றினால் வழிந்து ஓடும். பாலில் மிதக்கும் புரதத் துகள்கள், ஏறக்குறைய 100 முதல் 200 நானோமீட்டர் அளவுள்ளவை, மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். புளிக்கும்போது அமிலம் ஏறி அந்த மின்னூட்டம் அடங்குகிறது. துகள்கள் ஒட்டி வலையாகின்றன. கிண்ணத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான்; அதைப் பிடித்து வைத்திருப்பது அந்த மெல்லிய வலை.

ஏன் இவ்வளவு மென்மை? விடை துகளின் அளவில் இருக்கிறது. ஒரு பொருளின் விறைப்பைத் தோராயமாக அறிய, அதன் அடிப்படை அலகுகளைப் பிணைக்கும் ஆற்றலை ஓர் அலகின் கன அளவால் வகுத்தால் போதும். எஃகில் அலகு என்பது அணு. பிணைப்பாற்றல் பெரிது, கன அளவோ மிகச் சிறிது. அதனால் விறைப்பை அளக்கும் எண்ணான விறைப்புக் குணகம் 8×10¹⁰ பாஸ்கல் வரை போகிறது. ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில் கூழ்மத் துகள்கள், அதாவது நீர்மத்தில் மிதக்கும் நுண்துகள்கள், அடுக்கிய படிகத்தை எடுங்கள். அங்கே ஆற்றலின் அளவுகோல் அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல், சுமார் 4×10⁻²¹ ஜூல். கன அளவு 10⁻¹⁸ கன மீட்டர். வகுத்தால் 0.004 பாஸ்கல்! அணுக்கள் அடுக்கியது போலவே ஒழுங்காக அடுக்கிய படிகம்தான், ஆனால் குப்பியை லேசாக ஆட்டினாலே குலைந்துவிடும். இந்த ஒரு வகுத்தலை மாணவர்கள் தம் கையால் போட்டுப் பார்த்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

இனிப் பெயரின் கதை. இந்தத் துறையின் முழுப்பெயர் ‘சாஃப்ட் கண்டென்ஸ்டு மேட்டர்’. அதில் ‘செறிந்த பொருள்’ (கண்டென்ஸ்டு மேட்டர்) என்ற பாதி முதலில் வந்தது. கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பிலிப் ஆண்டர்சனும் வோல்கர் ஹைனேயும் தங்கள் குழுவின் பெயரிலிருந்த ‘திடநிலை’ என்பதை 1967இல் எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். திரவங்களும் உள்ளே வரவேண்டும் என்பதே நோக்கம். ‘மென்’ என்ற பாதி பிரான்சிலிருந்து வந்தது. பிரெஞ்சில் மென்மையான பொருள் எனும் பொருள்பட ‘மாத்தியேர் மோல்’ என்று பாரிசை அடுத்த ஓர்சேயில் முதலில் சொன்னவர் மாட்லென் வெய்சியே என்ற இயற்பியலாளர் என்பார்கள். அதை உலகறியச் செய்தது 1991இல் நோபல் பரிசு பெற்ற பியர்-ஜில் டி ஜென் ஆற்றிய உரை. அமெரிக்கர்கள் சொல்லும் ‘சிக்கலான பாய்மங்கள்’ என்ற பெயர் அழகில்லாதது, இளம் மாணவர்களை விரட்டிவிடும் என்று அதில் அவர் வெளிப்படையாகவே சொன்னார். பெயரைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட இயற்பியலாளர் என்பதாலேயே எனக்கு அவர்மேல் தனி மதிப்பு. அவர் காட்டிய எடுத்துக்காட்டு ரப்பர் மரத்தில் வடியும் பால். 200 கார்பன் அணுக்களில் ஒன்றே ஒன்று கந்தகத்தோடு வினைபுரிந்தாலும் போதும், ஓடிக்கொண்டிருந்தது ரப்பராக நின்றுவிடும்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘மென்பருப்பொருள்’ எனலாம், மேட்டர் என்பதற்குப் பாடநூல்களில் பருப்பொருள் என்ற சொல் உண்டு. ஆனால் வாயுவும் பருப்பொருள்தான், இந்தத் துறையோ நெருங்கிச் செறிந்தவற்றைப் பற்றியது. ‘மென்னடர்பொருள்’ என்றால் அடர்த்தி நினைவுக்கு வரும், பேச்சு அடர்த்தியைப் பற்றியதே இல்லை. ‘நெகிழ்பொருள்’ காதுக்கு இனிமைதான், ஆனால் நெகிழி என்று பிளாஸ்டிக்கைச் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் என் தேர்வு மென்செறிபொருள். ‘செறி’ என்பதில் நெருக்கம் இருக்கிறது, செறிந்த காடு என்கிறோமே, அந்த நெருக்கம். கணினியோடும் குழப்பம் வராது. நீளம் என்று தோன்றினால் வகைப்பெயர்களைச் சொல்லிவிடலாம்: கூழ்மம், பலபடி (பாலிமர்), நீர்மப் படிகம் (லிக்விட் கிரிஸ்டல்), நுரை.

இதில் கூழ்மம் என்பது எனக்கு மிகப் பிடித்த ஆக்கம். 1861இல் தாமஸ் கிரஹாம் கிரேக்கத்தில் பசையைக் குறிக்கும் ‘கோலா’ என்ற சொல்லிலிருந்து ‘கொலாய்டு’ என்று பெயர் வைத்தார். நம்மவர்கள் பசையை மொழிபெயர்க்காமல் கூழுக்குப் போனார்கள். “சிறுகை அளாவிய கூழ்” என்ற குறளில் வருவது உணவு என்ற பொருளில்தான், என்றாலும் குழந்தையின் பிஞ்சு விரல் பட்டாலே இடம் கொடுக்கும் பண்டம் அது. வினைச்சொல்லுக்கோ எங்கும் தேட வேண்டாம். சோறு அதிகம் வெந்தால் ‘குழைஞ்சு போச்சு’ என்கிறோம். இப்போது என் வகுப்பில் எழுதுவது இப்படித்தான்: தயிர் ஒரு மென்செறிபொருள், சிறு விசையிலேயே குழையும்.