ஊர்ப் பள்ளியில் ஊருக்கு என்ன உரிமை? பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாக

ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஐந்து வகுப்பு, நாற்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சமைப்பது அதே ஊர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். மதியச் சாப்பாட்டைப் பார்ப்பது சத்துணவு அமைப்பாளரும் சமையலரும். தண்ணீர் ஊராட்சித் தொட்டியிலிருந்து வருகிறது. கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு. ஆசிரியர்களைத் தவிர்த்துப் பார்த்தால் பள்ளியைத் தினமும் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்கள்தான். ஆனால் "பள்ளிக்கூடம் சர்க்கார் சமாச்சாரம், நாம என்ன கேக்கிறது?" என்பதுதான் ஊரில் பொதுவான பேச்சு.

கேட்கலாம். கேட்பதற்கென்றே சட்டத்தில் ஒரு அமைப்பு இருக்கிறது. அதன் பெயர் பள்ளி மேலாண்மைக் குழு.

2009-ல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு இந்தக் குழுவைப் பற்றிப் பேசுகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பட்டியல் சாதி, பழங்குடி, ஏழைக் குடும்பங்களின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோரிலிருந்துதான் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தலைமை ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டுகிறவர், தலைவர் அல்ல. பல ஊர்களில் இது தலைகீழாக நடக்கிறது. தலைமை ஆசிரியர் எழுதி வைத்த நோட்டில் தலைவி கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் பல ஆண்டுகள் பேருக்குத்தான் இருந்தன. 2022-ல் 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பெயரில் பெற்றோரைத் திரட்டி, எல்லா அரசுப் பள்ளிகளிலும் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். அப்போது உறுப்பினர் 20 பேர். அதில் 15 பேர் பெற்றோர். ஆசிரியர் பிரதிநிதியும் ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் மீதி இடங்களில் வந்தார்கள். 2024-ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. முன்னாள் மாணவர்களைச் சேர்த்தது நல்ல வேலை. வெளியூரில் வேலை பார்த்தாலும் ஊர்ப் பள்ளிமேல் பாசம் விடாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்; அதிகாரிக்கு எப்படி மனு எழுதுவது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இதைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கழகம் பழைய அமைப்பு, சந்தா உண்டு, தனி விதிகள் உண்டு. மேலாண்மைக் குழு சட்டத்தால் வந்தது. இதில் சேர யாரும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை.

சரி, இந்தக் குழு என்ன செய்யலாம்? பள்ளி நடப்பதைக் கண்காணிக்கலாம். அரசு கொடுக்கும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கலாம். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கலாம். மூன்றாவதுதான் பெரிய ஆயுதம், ஆனால் ஊரில் யாரும் கண்டுகொள்ளாதது. அடுத்த மூன்று ஆண்டில் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள், எத்தனை ஆசிரியர்கள் தேவை, என்னென்ன கட்டடம் வேண்டும், அதற்கு எவ்வளவு பணம் ஆகும் என்று எழுதிக் கொடுப்பது அது. சட்டத்தின் 22-வது பிரிவின்படி அரசு பள்ளிக்குப் பணம் ஒதுக்குவதற்கு அடிப்படையே இந்தத் திட்டம்தான்.

இதை எழுத உட்காரும்போது சட்டத்தின் பின்னால் இருக்கும் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, நல்ல குடிநீர், விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர், மாற்றுத்திறனாளிப் பிள்ளை தடங்கலில்லாமல் உள்ளே வர வசதி. ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாள். இவை யாரும் போடும் பிச்சை இல்லை; ஒவ்வொரு பள்ளிக்கும் இருந்தாக வேண்டியவை.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்று அட்டவணை சொல்கிறது. ஆனால் ஒருவர் பயிற்சிக்கோ மருத்துவ விடுப்பிலோ போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். இதற்கு அட்டவணையில் பதில் இல்லை. ஆனால் எந்தெந்த நாளில் ஒரே ஆசிரியர் இருந்தார் என்பதைக் குழு மாதா மாதம் பதிவு செய்து வைத்தால், மாற்று ஆசிரியர் கேட்கும்போது அந்தப் பதிவு பேசும். இன்னொன்று: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27-வது பிரிவு சொல்கிறது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்கலாம்.

தீர்மானம் எழுதுவது

குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடத்துகிறார்கள். கூலி வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் அம்மாக்கள் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள் என்று யோசித்து வைத்த நேரமாகத் தெரியவில்லை. வர முடியாதவர்கள் முந்தின நாளே தங்கள் பிரச்சினையை இன்னொரு உறுப்பினரிடம் சொல்லி அனுப்புவது நல்லது.

கூட்டத்தில் பேசியது காற்றோடு போகும், தீர்மானம்தான் நிற்கும். "கழிப்பறை சரியில்லை, ஆவன செய்ய வேண்டும்" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்யப் போவதில்லை. "பெண் பிள்ளைகள் கழிப்பறையில் குழாய் உடைந்து இரண்டு மாதமாகத் தண்ணீர் இல்லை, மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயைச் சரிசெய்து தர ஊராட்சியைக் கேட்டுக்கொள்வது" என்று எழுத வேண்டும். என்ன, எங்கே, எவ்வளவு நாளாக, யார் செய்ய வேண்டும் என்ற நாலும் தீர்மானத்தில் இருக்கட்டும்.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பாதி மனு வீணாகிறது. ஆசிரியர், பாடம், பள்ளி நிர்வாகம் பற்றியது என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். ஒன்றியப் பள்ளியின் ஓட்டை ஓடு, விரிசல் சுவர், சுற்றுச்சுவர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். அங்கே ஒன்றியப் பொறியாளர் வந்து மதிப்பீடு போட வேண்டும். குடிநீரும் தெருவிளக்கும் ஊராட்சி. பள்ளி வளாகத்துக்கு மேலே போகும் மின்கம்பி என்றால் மின்வாரியம். தீர்மானங்களைப் பதிவு செய்ய அரசே பெற்றோருக்கென ஒரு கைப்பேசிச் செயலி வைத்திருக்கிறது. அதில் ஏற்றினால் மேலே இருப்பவர்கள் பார்வைக்குப் போகும். ஆனால் காகித நகலில் முத்திரையோடு ஒப்புதல் வாங்கி வைக்காமல் செயலியை மட்டும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து.

பணம்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் பள்ளி மானியம் உண்டு. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. இதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு அடிப்பதா, மின்விசிறி மாற்றுவதா, பாய் வாங்குவதா என்று முடிவு செய்வதில் குழுவுக்குப் பங்கு உண்டு. ரசீதைக் கேட்டுப் பார்க்கவும் உரிமை உண்டு. கணக்கு தனியாக வைத்து ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும். 2024-25-ல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான இந்தத் திட்ட நிதியை நிறுத்தி வைத்ததால் இழுபறி ஆனது. டெல்லிக்கும் சென்னைக்கும் சண்டை வந்தால் கிராமத்துப் பள்ளியின் சுண்ணாம்பு டப்பா வரை அது எட்டும்.

கல்விச் சீர்

இப்போது ஊர் தன் கையிலிருந்து கொடுப்பதைப் பற்றிப் பேசலாம். பீரோ, நாற்காலி, குடம், தட்டு, மின்விசிறி எல்லாவற்றையும் தாம்பூலத் தட்டோடு மேளதாளம் முழங்கத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஊர்வலமாகப் போவதைப் பல கிராமங்களில் பார்க்கலாம். தாய்மாமன் சீர் மாதிரி கல்விச் சீர். அழகான வழக்கம். இதற்கு ஒரு பழைய வேரும் உண்டு. 1950-களின் கடைசியில் காமராசர் முதல்வராக இருந்தபோது, பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கட்டடமும் தளவாடமும் கொடுத்தார்கள். மதிய உணவே முதலில் ஊரார் கொடுத்த தானியத்தில்தான் பல இடங்களில் வேகத் தொடங்கியது.

ஆனால் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அரசு கொடுத்தே ஆக வேண்டியதை ஊர் வாங்கிக் கொடுத்துவிட்டு அதோடு விட்டுவிடக் கூடாது. கழிப்பறைக் கதவை ஊரார் போட்டால், அந்தக் கதவு ஏன் வரவில்லை என்ற தீர்மானமும் கூடவே போக வேண்டும். வசதியுள்ள ஊர் சீர் கொடுக்கும். மலையடிவாரக் காலனிப் பள்ளிக்கு யார் கொடுப்பார்கள்? எல்லாரும் பேசாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால், கொடுக்க முடியாத ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் நட்டம்.

பணமாகக் கொடுக்க விரும்புகிறவர்கள் தலைமை ஆசிரியர் கையில் கொடுக்காமல், 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' திட்டம் வழியாக எந்தப் பள்ளிக்கு, எந்த வேலைக்கு என்று குறிப்பிட்டுக் கொடுக்கலாம். வகுப்பறை மாதிரி பெரிய வேலை என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது: ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும்.

காலை உணவைக் குழு உறுப்பினர்கள் ருசி பார்க்கலாம். பார்க்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. போய் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுப் பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சமைக்கிற பெண்களும் ஊர்க்காரர்கள்தான், குறை இருந்தால் பக்குவமாகச் சொல்லலாம். பெரும்பாலும் குறை சமையலில் இருக்காது, அடுப்பிலோ தண்ணீரிலோ பாத்திரத்திலோ இருக்கும்.

குழுவால் முடியாததும் உண்டு. ஆசிரியரை மாற்றவோ தண்டிக்கவோ முடியாது. புகார் அனுப்பலாம், அவ்வளவுதான். பெற்றோரிடம் கட்டாய வசூல் செய்ய முடியாது. 2012-ல் வந்த திருத்தத்தின்படி சிறுபான்மைப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் குழு ஆலோசனை மட்டுமே சொல்ல முடியும்.

மனு கிடப்பில் கிடந்தால் அடுத்த கிராம சபைக்குத் தீர்மான நகலோடு போங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு சபை. பள்ளிக் குழுத் தீர்மானத்தைக் கிராம சபைத் தீர்மானமாகவும் ஏற்றிவிடலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. கூப்பிடும்போது தீர்மானத்தின் தேதியையும் எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பைப் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை.