பாதிக்குப் பாதி தோற்றாலும் ஏன் இனிக்கிறது?

ஆனி, ஆடியில் கயத்தாற்றைத் தாண்டும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்குக் காற்று என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டாம். வெளியே காற்றாலைகள் சுழல்கின்றன. பக்கத்து இருக்கை இளைஞனோ கைப்பேசித் திரைக்குள் வீசும் காற்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். அது இணையக் கோல்ஃப். முகம் தெரியாத யாரோ ஒருவர் எதிராளி. குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் சேர்த்தவருக்கு வெற்றி. நெல்லைச் சீமையில் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டவர்களே அரிது. இருந்தும் இந்த ஆட்டம் ஆளைக் கட்டிப்போடுகிறது.

காரணத்தில் பெரும்பங்கு, எதிராளியைத் தேடித்தரும் கணக்கில் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் ஈலோ, சதுரங்க வீரர்களுக்காக ஒரு தரப்புள்ளி முறையை வகுத்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் அதை ஏற்றுக்கொண்டது. இருவருக்கும் புள்ளிகள் சமம் என்றால் ஆளுக்கு 50 விழுக்காடு வாய்ப்பு. 200 புள்ளி கூடுதலாக வைத்திருப்பவருக்கு ஏறத்தாழ 76. 400 கூடுதல் என்றால் 91. வென்றால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். இணையப் போட்டி விளையாட்டுகள் பலவும் இந்த முறையையோ இதன் வழிவந்த ஒன்றையோ வைத்துத்தான் ஆட்களைக் கோக்கின்றன. ஆகவே நீங்கள் எவ்வளவு தேறினாலும், அதே அளவு தேறிய ஒருவர் எதிரே வந்து நிற்பார். "நான் முன்னேறவே இல்லை, பாதி ஆட்டம் தோற்கிறேன்" என்று புலம்புகிறவரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: அப்படித் தோற்கிறீர்கள் என்றால் கணக்கு சரியாக வேலை செய்கிறது.

இந்தப் பாதிக்குப் பாதி மூளைக்கு ஏன் பிடிக்கிறது? உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அவை துடித்தன. சாறுக்கு முன்னால் ஓர் அடையாளம் வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, அடையாளத்துக்குத் துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. வரவேண்டிய சாறு வராவிட்டால் சரியாக அந்த நேரத்தில் ஒடுங்கின. அதாவது இந்த அணுக்கள் பரிசை அளப்பதில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கின்றன. 2003-இல் அவரது குழு இன்னொன்றையும் கண்டது. பரிசு கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருக்கும் அந்த இடைவெளியில் இந்த அணுக்களின் செயல்பாடு மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. வாய்ப்பு 50 விழுக்காடாக இருக்கும்போதுதான் அந்த ஏற்றம் மிக அதிகம்.

நம் ஊர்க் கபடியிலும் இதுதான் நடக்கிறது. ஓர் அணி இருபது புள்ளி முந்திவிட்டால் கூட்டம் டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிடும். ஒரே புள்ளி வித்தியாசம் என்றால் ஒருவரும் அசைய மாட்டார்கள். கோல்ஃப் இந்தத் தவிப்பை ஒவ்வோர் அடியிலும் கொடுக்கிறது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். அதிலிருந்து எட்டடி தூரத்தில் பந்தை வைத்தால், அமெரிக்கத் தொழில்முறை வீரர்களே ஏறத்தாழ பாதித் தடவைதான் ஒரே உருட்டில் போடுகிறார்கள். பந்து உருளும் அந்தச் சில நொடிகள் இருக்கின்றனவே, அவைதான் ஆட்டம்.

திரையில் அடிப்பதும் சும்மா இல்லை. அடிக்கும்போது திரையில் இடவலமாக ஓடும் குறிமுள் நடுக்கோட்டைத் தொடும்போது விரலை எடுக்க வேண்டும். கண்டதும் எடுக்கலாம் என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும். கண் பார்த்து விரல் அசையவே கால் நொடி அளவு ஆகும். ஆகவே முள் எப்போது வரும் என்பதை முன்கூட்டியே கணிக்கச் சிறுமூளை பழக வேண்டும். இந்தப் பழக்கம் உண்மையான திறமை. காசு கொடுத்து வாங்க முடியாது. இன்னொரு வசதியும் உண்டு. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் இணையம் ஒரு கணம் திணறினாலே தோல்விதான். முறை வைத்து ஆடும் கோல்ஃபில் அந்தத் தொல்லை குறைவு. மலையடிவாரக் கிராமங்களில் சிக்னல் கிடைக்கும் இலட்சணத்துக்கு இது பொருத்தமான விளையாட்டு.

அப்படியானால் சிலருக்கு ஏன் சலித்துப்போகிறது? நாணயம், பெட்டி, தினப்பரிசு என்று விளையாட்டு அள்ளிக் கொட்டுவதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 1973-இல் மார்க் லெப்பர் உள்ளிட்ட உளவியலாளர்கள், படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் என்று முன்பே சொல்லப்பட்ட குழந்தைகள், ஓரிரு வாரம் கழித்து மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. பரிசுக்காகவே ஆடப் பழகியவன், பரிசு நின்ற அன்று ஆட்டத்தையும் நிறுத்திவிடுகிறான்.

தரப்புள்ளிக்கும் ஒரு குறை உண்டு. நான் பெறுவது நீங்கள் இழப்பது. எல்லோரும் சேர்ந்து தேறினால் யாருடைய புள்ளியும் ஏறாது. ஆனால் கோல்ஃபில் எதிராளியைச் சாராத இன்னோர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது: பார். தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை முடிக்க எத்தனை அடி எடுப்பார் என்பதற்கான கணக்கு அது. அதில் இரண்டு அடிகள் குழியருகே உருட்டுவதற்கென்று ஒதுக்கப்பட்டவை. ஒரே மைதானத்தில் சென்ற மாதம் பாருக்கு மேல் எத்தனை அடி, இந்த மாதம் எத்தனை என்று குறித்துவைத்துப் பாருங்கள். தரவரிசைப் பட்டியலில் இருந்த இடத்திலேயே இருந்தாலும் இந்த எண் குறைந்துகொண்டு வரலாம்.