சாவி ஸ்டோருக்குள்ளே

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் ரோசாக் ஆனாலும் கடைசியில் என் வீட்டு வாசலுக்குத்தான் வரும். போன வாரம் வந்தது பக்கத்து வீட்டுத் தம்பியுடையது, டெபியன் லினக்ஸ் போட்டது. முடுக்கினால் கறுப்புத் திரை, இந்த அடையாள எண் கொண்ட வட்டு இல்லை என்று ஒரு வரி, அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று போட்டுவிட்டுச் சும்மா நிற்கிறது.

"ஃபார்மேட் பண்ணிடலாமாண்ணே?"

"என்ன மாத்துனே?"

"ஒன்னும் மாத்தலண்ணே."

இதை எல்லாரும் சொல்வார்கள். ஒரு தே தாரிக் உள்ளே போனதும் உண்மை வந்தது. சீக்கிரம் திறக்கட்டும் என்று, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கூடவே ஏறும் கோப்பை இளைக்க வைத்திருக்கிறான். இரண்டு நாள் கழித்துப் பழைய சாட்டா வட்டை அப்படியே புது என்விஎம்இ வட்டுக்கு நகல் எடுத்து, பழையதைக் கழற்றிவிட்டான். சாட்டா, என்விஎம்இ இரண்டும் வட்டைக் கணினியோடு இணைக்கும் வெவ்வேறு முறைகள்.

என் அப்பா தோட்டத்தில் ஸ்டோர் கிராணி. ஒருநாள் சாவியை ஸ்டோருக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார், ஆபீஸில் பெரிய கிராணியிடம் இன்னொரு சாவிக்கொத்து இருந்ததால் தப்பித்தார். லினக்ஸ் கெர்னலுக்குத் தினமும் இதே கதைதான். வட்டைப் படிக்க டிரைவர், அதாவது அந்த வட்டை இயக்கத் தெரிந்த நிரல், வேண்டும், அந்த டிரைவரோ வட்டுக்குள்ளே கிடக்கிறது. எல்லா டிரைவரையும் கெர்னலுக்குள்ளேயே திணிக்கலாம், ஆனால் உலகத்தில் உள்ள எல்லா வட்டுக்கும் சேர்த்துச் சுமந்தால் அது பெருத்துப் போகும். அதனால் தேவையான டிரைவர்களை ஒரு சின்ன மூட்டையாகக் கட்டி, கெர்னலோடு சேர்த்து நினைவகத்தில் இறக்கிவிடுகிறார்கள். அந்த மூட்டைதான் இனிட்ராம்எஃப்எஸ், 2003இல் வந்த 2.6 கெர்னலிலிருந்து இருக்கிறது.

"வட்டு தெரியலன்னா கிரப் மெனு மட்டும் எப்படிண்ணே வருது?" என்று கேட்டான், நல்ல கேள்வி. கெர்னலை ஏற்றிவிடும் நிரலான கிரப் வட்டைப் படிப்பது தாய்ப்பலகையில் இருக்கும் ஃபர்ம்வேரின் கையைப் பிடித்துக்கொண்டு. கெர்னலையும் மூட்டையையும் நினைவகத்தில் வைத்ததோடு அதன் வேலை முடிந்தது, அதற்கப்புறம் கெர்னல் அந்தக் கையைப் பிடிப்பதில்லை, சொந்த டிரைவர் இருந்தால்தான் வட்டு கண்ணுக்குத் தெரியும். ஆகவே மெனு வந்து, அதற்குப் பிறகு நின்றால், பெரும்பாலும் வட்டு சாகவில்லை.

டெபியனில் இந்த மூட்டைக்கு ஓர் அமைப்புக் கோப்பு உண்டு, அதில் மாட்யூல்ஸ் என்ற வரியில் வழக்கமாக 'மோஸ்ட்' என்றிருக்கும், கிட்டத்தட்ட எல்லாச் சாவியும் கொத்தில் இருக்கட்டும் என்று பொருள். தம்பி அதை 'டெப்' என்று மாற்றினான். அன்றைக்குக் கதவில் தொங்கிய பூட்டுக்கு, அதாவது சாட்டாவுக்கு, உரிய சாவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அது கழித்துவிட்டது. அப்புறம் பூட்டையே மாற்றினால் எப்படித் திறக்கும்? மிச்சமானது ஒன்றிரண்டு நொடி, என்னைக் கேட்டால் அதற்கு இந்தப் பாடு தேவையில்லை.

அந்தக் கறுப்புத் திரையிலேயே சோதிக்கலாம். கெர்னலுக்குத் தெரிந்த சாதனங்களின் பெயர்கள் இருக்கும் டெவ் என்ற அடைவைப் பட்டியலிட்டுப் பார்த்தோம், என்விஎம்இ என்று தொடங்கும் பெயர் ஒன்றுகூட இல்லை, ஆக டிரைவர்தான் ஏறவில்லை. வட்டின் பெயர் அங்கே இருந்து, அடையாள எண் மட்டும் பொருந்தாமல் போயிருந்தால் எந்த வட்டில் தேடு என்று கெர்னலுக்குக் கொடுத்த ரூட் வரியில் தப்பு என்று அர்த்தம். மூட்டையே ஏறாமல் போனால் இந்தத் திரைகூட வராது, கெர்னல் பேனிக் என்று கத்திவிட்டு நின்றுவிடும்.

ரூட் வரியோ வேறு கெர்னல் அமைப்போ தப்பானால் கிரப் மெனுவில் இ விசையை அழுத்தி அந்த வரியைத் திருத்தி, கண்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்தலாம். அது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், வட்டில் எதுவும் எழுதப்படாது, தைரியமாக முயன்று பார்க்கலாம். அப்படியே 'குவைட்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் கெர்னல் எங்கே தடுக்கி விழுகிறது என்று வரி வரியாகத் தெரியும்.

தம்பிக்கு அதுவும் தேவைப்படவில்லை. மூட்டையைத் திரும்பக் கட்டும் கட்டளை, வேறெதுவும் சொல்லாவிட்டால், ஆகப் புதிய கெர்னலின் மூட்டையை மட்டும்தான் தொடும். முந்தைய கெர்னலும் அதன் பழைய மூட்டையும், எல்லாச் சாவியோடும், அப்படியே கிடந்தன. மெனுவில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய் இரண்டாவது கெர்னலைத் தேர்ந்ததும் கணினி ஒன்றும் நடக்காதது போலத் திறந்துகொண்டது. 'டெப்' என்பதைத் திரும்ப 'மோஸ்ட்' ஆக்கி, மூட்டையைப் புதிதாகக் கட்டி, உள்ளே என்விஎம்இ டிரைவர் இருக்கிறதா என்று பட்டியல் எடுத்துப் பார்த்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் மறுபடி முடுக்கினோம். பழைய சாட்டா வட்டை ஒரு மாதத்துக்கு அழிக்காதே என்று சொல்லி அனுப்பினேன். இரண்டுக்கும் ஒரே அடையாள எண், சேர்த்து மட்டும் மாட்டிவிடாதே என்பதையும் வாசல் வரை போய்ச் சொன்னேன்.