சொல் விளக்கம்: லீக்கேஜ் – நோக்கக் கசிவு

கசிவு என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது வினாத்தாள். அடுத்தது எரிவாயு. மழைக்காலமாக இருந்தால் மொட்டைமாடி. அமெரிக்காவில் பள்ளிகளிலும் கடைவீதிகளிலும் நடக்கும் துப்பாக்கிச் சூடுகளை ஆராய்கிறவர்கள் 'லீக்கேஜ்' என்று ஒரு சொல்லைப் புழங்குகிறார்கள். அதையும் கசிவு என்றே தமிழில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அது வினாத்தாள் கசிவு மாதிரி இல்லை. மொட்டைமாடிக் கசிவுக்குத்தான் நெருங்கின சொந்தம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பொருள் இதுதான்: ஒருவர் ஒரு தாக்குதலுக்குத் திட்டம் போட்டிருக்கிறார். அந்த எண்ணம், தாக்கப்படப் போகிறவரிடம் போகாமல், மூன்றாவது ஆள் ஒருவருக்குத் தெரியவருகிறது. நண்பனிடம் விட்ட சவடாலாக இருக்கலாம், நோட்டின் ஓரத்தில் கிறுக்கிய படமாக இருக்கலாம், வகுப்பில் எழுதிக் கொடுத்த கதையாகவோ இணையத்தில் போட்ட ஒற்றை வரியாகவோ இருக்கலாம். தெரிந்தே வெளிப்படுத்தினாலும் சரி, தன்னையறியாமல் வெளிப்பட்டாலும் சரி, இரண்டும் லீக்கேஜ்தான்.

ஆங்கிலத்தில் 'லீக்' என்பது வடக்கு ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் சொட்டுவதைக் குறித்த 'லெக்கா' என்ற வினையோடு உறவுள்ளது. கப்பல்காரர்களும் பீப்பாய் வணிகர்களும் புழங்கிய சொல். பீப்பாயிலிருந்து வழியில் ஒழுகிக் குறையும் சரக்குக்காகக் கணக்கில் விடும் கழிவுக்கும் லீக்கேஜ் என்றே பெயர். உளவியலுக்குள் இதைக் கொண்டுவந்தவர்களில் பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் முக்கியமானவர்கள். வாய் ஒன்று சொல்லும்போது கையும் காலும் முகமும் வேறொன்றைக் காட்டிக்கொடுத்துவிடுவதை 1969இல் எழுதிய கட்டுரையில் அப்படி அழைத்தார்கள்.

1999 ஏப்ரலில் கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு சொல் இடம் மாறியது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வர்ஜீனியாவில் ஒரு கருத்தரங்கு கூட்டியது. அதை ஒட்டி எஃப்பிஐ அதிகாரி மேரி எலன் ஓடூல் எழுதி 2000இல் வந்த அறிக்கை, பள்ளி மாணவர் ஒருவர் வன்முறைக்கு முன் தன் உணர்வையோ எண்ணத்தையோ கற்பனையையோ வெளிப்படுத்திவிடும் தடயங்களுக்கு லீக்கேஜ் என்று பெயரிட்டது. 2011இல் அவரும் உளவியலாளர் ரீட் மெலாயும் சேர்ந்து, தீங்கு செய்யும் நோக்கம் மூன்றாம் ஆளுக்குத் தெரியவருவது என்று அதைச் சுருக்கி வரையறுத்தார்கள். ஜெர்மன்காரர்கள் இதை மொழிபெயர்க்கவே இல்லை. 'லீக்கிங்' என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். நமக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

தமிழில் பக்கத்தில் வரும் சொற்கள் நிறைய உண்டு. உளறிவிட்டான் என்றால் நாக்கு தவறியது மட்டும்தான் அதில் இருக்கிறது. கோடி காட்டினான், சாடையாகச் சொன்னான் என்றால் தெரிந்தே சொன்னான் என்ற பொருள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குறிப்பறிதல் அழகான சொல். குறளில் இதே பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன, ஒன்று அமைச்சருக்கு, மற்றது காதலருக்கு. ஆனால் அது பார்க்கிறவருடைய திறமை, செய்கிறவருடைய செயல் அல்ல. மிரட்டல் என்பது எதிராளியின் முகத்துக்கு நேரே விடுவது. இங்கேதான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க ரகசியச் சேவைப் பிரிவும் கல்வித் துறையும் சேர்ந்து 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்தன. 2002இல் வந்த அந்த ஆய்வின்படி, தாக்கியவர்களில் 17 சதவீதம் பேர்தான் தாங்கள் குறிவைத்தவர்களை முன்கூட்டி நேரடியாக மிரட்டியிருந்தார்கள். ஆனால் 81 சதவீத நிகழ்வுகளில் வெளியாள் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருந்தது. மிரட்டலை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருந்தால் பெரும்பாலானவை கண்ணில் படாது.

ஆக, கசிவு. கசி என்ற வினைக்கு ஊறுதல், ஈரமாதல், வியர்த்தல், மனம் இளகுதல் என்று பல பொருள். கடைசிப் பொருள்தான் கொஞ்சம் இடிக்கிறது. பக்திப் பாடல்களில் கசிந்து உருகிய சொல்லைக் கொலைகாரனுக்குக் கொடுப்பதா என்று நண்பர் ஒருவர் சண்டைக்கே வந்தார். அவருக்காகத்தான் முன்னால் 'நோக்கம்' சேர்த்து 'நோக்கக் கசிவு' என்கிறேன். 'உட்கிடைக் கசிவு' இன்னும் பொருத்தம். ஆனால் உட்கிடை என்றால் என்ன என்று விளக்க இன்னொரு கட்டுரை எழுத வேண்டிவரும்.

இப்போது மொட்டைமாடி. கீழ்வீட்டுப் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கும். விரிசல் விட்டிருப்பதோ மொட்டைமாடியின் வேறொரு மூலையில். கறை தெரிகிற இடம் வேறு, விரிசல் வேறு. கறையைப் பார்க்கிறவர் விரிசலைப் பார்ப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது கறையின் மேல் சுண்ணாம்பு அடிப்பதுதான்.

மிஷிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பர் 30 காலையில் அந்தக் கறை ஒரு கணக்குத் தாளில் தெரிந்தது. 15 வயது மாணவன். தாளில் ஒரு கைத்துப்பாக்கி, ஒரு தோட்டா, ரத்தம் ஒழுகும் ஓர் ஆள். கூடவே, எண்ணங்கள் நிற்கவே மாட்டேன் என்கின்றன, எனக்கு உதவுங்கள் என்று எழுதியிருந்தான். பார்த்த ஆசிரியர் உடனே கைபேசியில் படம் எடுத்துவைத்தார். நல்ல காரியம் செய்தார். ஏனென்றால் தாள் அலுவலகத்துக்குப் போவதற்குள் அவன் அதில் பலவற்றைக் கிறுக்கி மறைத்துவிட்டான். வீடியோ கேமுக்காக வரைந்தேன் என்றான். முந்தின நாள்தான் வகுப்பில் கைபேசியில் தோட்டா தேடிக்கொண்டிருந்ததை இன்னொரு ஆசிரியர் பார்த்துச் சொல்லியிருந்தார். பெற்றோரை வரவழைத்துப் பேசினார்கள். அவர்கள் பையனை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. நான்கு நாளுக்கு முன் அப்பா வாங்கியிருந்த துப்பாக்கி அப்போது அவன் பைக்குள் இருந்தது. பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. அவன் வகுப்புக்குத் திரும்பினான். மதியம் ஒரு மணிக்குச் சற்று முன் சுட ஆரம்பித்தான். நான்கு மாணவர்கள் இறந்தார்கள். 2024இல் தாயும் தந்தையும், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகத் தனித்தனியே தண்டிக்கப்பட்டார்கள்.

கசிவைப் பார்க்கிறவரை ஆங்கில ஆய்வுகள் 'பைஸ்டாண்டர்' என்கின்றன. இதை 'வேடிக்கை பார்ப்பவர்' என்று தமிழாக்குவது பெரிய தப்பு. அதில் ஏளனம் இருக்கிறது. தெருவில் கூட்டம் கூடி நிற்கும் காட்சியும் வந்துவிடுகிறது. 'வழிப்போக்கர்' அதைவிட மோசம். கசிவைப் பார்க்கிறவர் தெருவில் போகிறவர் அல்ல. 2018இல் வந்த எஃப்பிஐ ஆய்வு, 2000 முதல் 2013 வரை பொது இடங்களில் சுட்ட 63 பேரை எடுத்துக்கொண்டது. 18 வயதுக்குக் குறைந்தவர்களிடம் கவலைக்குரிய நடத்தையைக் கவனித்தவர்கள் பெரும்பாலும் உடன்படித்தவர்களும் ஆசிரியர்களும். பெரியவர்களிடம் கவனித்தவர்களில் மனைவியும் துணைவியும் முன்னால் நின்றார்கள். அதனால் 'உடன்புழங்குவோர்' என்று எழுதலாம். கூடப் பழகுகிறவர்கள், கூடச் சாப்பிடுகிறவர்கள்.

அந்த 63 பேரில் ஒவ்வொருவரிடமும் சராசரியாக நான்கைந்து கவலைக்குரிய நடத்தைகள் மற்றவர் கண்ணில் பட்டிருந்தன. நோக்கத்தைக் கசியவிட்டவர்கள் 56 சதவீதம். 17 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் 88 சதவீதம். 'திடீரென வெறிபிடித்துக் கண்மூடித்தனமாகச் சுட்டார்' என்று நம் நாளிதழ்கள் எழுதும்போதெல்லாம் இந்த ஆய்வு எனக்கு நினைவுக்கு வரும். முக்கால்வாசிப் பேர் ஒரு வாரமோ அதற்கு மேலோ திட்டம் போட்டிருந்தார்கள்.

பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? 83 சதவீத நிகழ்வுகளில் யாரோ ஒருவர் அந்த ஆளிடமே நேரில் பேசியிருக்கிறார். 54 சதவீதத்தில் ஒன்றும் செய்யாமல் விட்டவர்கள் இருந்தார்கள். 41 சதவீதத்தில்தான் காவல்துறைக்குத் தகவல் போனது. ஒரே நிகழ்வில் மூன்றும் நடந்திருக்கலாம் என்பதால் கூட்டினால் நூறு வராது. விஷயம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர்களை ரகசியச் சேவைப் பிரிவின் பின்னாளைய ஆய்வு ஒன்று நேரில் கேட்டபோது, அவர்களில் பலர் அது உண்மையில் நடக்காது என்றோ, இப்போதைக்கு நடக்காது என்றோ நினைத்திருந்தது தெரிந்தது. சொன்னால் பள்ளியில் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்ற தயக்கமும் இருந்தது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ரத்தமும் துப்பாக்கியும் வரைகிற பையன்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யாரையும் தொடப் போவதில்லை. ஓடூலின் அறிக்கையே, பட்டியலை வைத்துக்கொண்டு அடையாளக் குறி போடாதீர்கள் என்று எச்சரித்தது. கசிவைப் பார்த்தவர் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. வேறு எங்கெல்லாம் ஓதம் ஏறியிருக்கிறது என்று விசாரிக்கக்கூடிய ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

2007 ஏப்ரல் 16இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து போய் அங்கே நீரியல் கற்பித்துவந்த பேராசிரியர் லோகநாதன். வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். சுட்ட மாணவனின் எழுத்து ஆங்கிலத் துறையை 2005இலேயே பயமுறுத்தியிருந்தது. இவன் இருந்தால் நான் வேலையை விடுகிறேன் என்று சொல்லி, கவிஞர் நிக்கி ஜொவானி தன் வகுப்பிலிருந்து அவனை மாற்றவைத்தார். விடுதி, காவல்துறை, மனநல ஆலோசனை மையம், நீதிமன்றம் என்று ஆளுக்கொரு கறையைப் பார்த்திருந்தார்கள். அந்தரங்கச் சட்டம் தடுக்கிறது என்று தப்பாக நினைத்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை என்பது பிறகு வந்த விசாரணைக் குழுவின் முடிவு.

ஃபுளோரிடாவின் பார்க்லண்டில் சொல்லவும் சொன்னார்கள். 2017 செப்டம்பரில் யூடியூபில் ஒரு பின்னூட்டம்: நான் தொழில்முறைப் பள்ளிக் கொலையாளி ஆகப்போகிறேன் என்று. மிசிசிப்பியில் இருந்த சேனல்காரர் எஃப்பிஐயிடம் தெரிவித்தார். எழுதியது யார் என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனைக்கும் அவன் தன் சொந்தப் பெயரிலேயே எழுதியிருந்தான். 2018 ஜனவரி 5இல் அவனைத் தெரிந்த ஒருவர் எஃப்பிஐயின் தகவல் எண்ணுக்கே தொலைபேசியில் பேசினார். அந்தத் தகவல் மயாமி அலுவலகத்துக்குப் போய்ச் சேரவில்லை. பிப்ரவரி 14இல் பார்க்லண்டின் உயர்நிலைப் பள்ளியில் அவன் சுட்டதில் 17 பேர் இறந்தார்கள்.

கடைசியாக, எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. லீக்கேஜ் என்ற பெயர்ச்சொல் தெரிந்து செய்ததா, தெரியாமல் நடந்ததா என்று பிரித்துக் காட்டாது. தமிழ் வினைக்கு அது முடியும். 'அவனுடைய நோக்கம் கசிந்தது' என்றால் தானாக வெளிப்பட்டது. 'நோக்கத்தைக் கசியவிட்டான்' என்றால் வேண்டுமென்றே. கணக்குத் தாளில் 'உதவுங்கள்' என்று எழுதிவிட்டுப் பிறகு கிறுக்கி மறைத்தவனுக்கு எதை எழுதுவது என்று எனக்கும் இழுபறிதான். அந்த மாதிரி இடங்களில் 'கசிந்தது' என்றே எழுதிவிடுகிறேன்.