அடுப்பு மாறினால் கேஸ் டியூப்பில் எதைக் கவனிக்க வேண்டும்? விதியும் காப்பீடும்

வீட்டு கேஸ் டியூப்பின் நீளம் ஒன்றரை மீட்டர்தான், அதற்கு மேல் அனுமதி இல்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளில் அடுப்படியைப் புதுப்பிக்கும்போது பெரும்பாலும் மீறப்படுவது இந்த விதிதான். பழைய இரட்டை அடுப்பைத் தூக்கிவிட்டு, கிரானைட் மேடையை வெட்டி ஹாப், அதாவது மேடைக்குள் பொருந்தும் அடுப்பு, பதிக்கிறார்கள். அலமாரி அழகாக இருக்க வேண்டும் என்று சிலிண்டரை மூலைக்கோ பின்கட்டுக்கோ தள்ளுகிறார்கள். பிறகு எட்டாத தூரத்துக்கு இரண்டு டியூப்பை இணைத்து இழுத்துவிடுகிறார் அலமாரி வேலைக்கு வந்தவர். கேஸ் அவர் வேலையே இல்லை.

டியூப் என்றால் ஐ.எஸ். 9573 முத்திரை உள்ள, உள்ளே எஃகுக் கம்பி வைத்த ஆரஞ்சு நிற 'சுரக்‌ஷா' டியூப். ஆயுள் ஐந்து ஆண்டு, தயாரித்த ஆண்டு அதன் மேலேயே அச்சாகியிருக்கும். புது அடுப்பு வாங்கும் அன்றே அதைப் பாருங்கள். நான்கு வருடம் ஓடிய டியூப்பைப் புது அடுப்பில் மாட்டுவதில் மிச்சம் ஒன்றும் இல்லை. நடுவில் ஒட்டுப் போடுவதும், 'டி' இணைப்பு வைத்து ஒரே சிலிண்டரில் இரண்டு அடுப்பு எரிப்பதும் கூடாது. பலகாரம் சுடப் பின்கட்டில் இன்னோர் அடுப்பு வைக்கும் வீடுகளில் இது சகஜம். இரண்டாவது சிலிண்டர் தருவது முதலாவது தீர்ந்ததும் மாற்றிக்கொள்ளத்தான். அதனால்தான் ஓர் இணைப்புக்கு ஒரே ரெகுலேட்டர்.

ஹாப்பில் டியூப் மேடைக்கு அடியில் போகிறது. கோளாறு வந்தாலும் கண்ணில் படாது. இழுப்பறை திறந்து மூடும்போது டியூப் நசுங்கும், அடுப்பின் அடித்தகடு சூட்டில் காயும், எலி கடிக்கும். நாஸிலில், அதாவது டியூப்பை மாட்டும் முனையில், டியூப் முழுதாக ஏறாமல் பாதியில் நிற்பதும் உண்டு. நாஸிலின் வரிகள் எல்லாம் உள்ளே மறையும் வரை தள்ள வேண்டும். ஏறவில்லை என்று டியூப் முனையை நெருப்பில் காட்டுவதோ எண்ணெய் தடவுவதோ ரப்பரைக் கெடுக்கும். அழுக்காகக் கூடாது என்று மேலே துணியோ பிளாஸ்டிக் உறையோ சுற்றாதீர்கள், வெடிப்பு தெரியாமல் போகும்.

சிலிண்டர் தரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். எல்பிஜி, அதாவது சமையல் கேஸ், காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். சிலிண்டரை அலமாரிக்குள் வைத்தே தீர வேண்டுமென்றால், கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துவாரம் அவசியம். மேலே மட்டும் துவாரம் விட்டுப் பயனில்லை.

தூரம் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் கேஸ் ஏஜென்சி மூலம் செம்புக் குழாய் போடலாம். நம் ஊர்ப் பக்கம் வீடுகளில் சுவர் கனம் அதிகம். குழாய் சுவரைக் கடக்கும் இடத்தில் அதைவிடப் பெரிய உறைக் குழாய் ஒன்றைப் பதித்து, அதற்குள் விட வேண்டும். பூச்சுக்குள் புதைத்து மேலே வெள்ளையடித்துவிட்டால் கசியும் இடத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. சுவரின் மேலேயே கிளாம்ப் அடித்துப் போகட்டும், பார்க்கக் கொஞ்சம் மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும்படி ஒரு வால்வு வையுங்கள். வேலை முடிந்ததும் அழுத்தம் ஏற்றிச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவர் இன்னும் இருக்கிறார்கள், அவரை உள்ளே விடாதீர்கள்.

அடுப்பை எந்தக் கடையிலும் வாங்கலாம், ஏஜென்சியில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏஜென்சிக்குப் போகும்போது புளூ புக்கையும் (கேஸ் இணைப்புப் புத்தகம்) இணைப்பு வவுச்சரையும் (இணைப்பு தந்தபோது கொடுத்த சீட்டு) கொண்டுபோங்கள். அடுப்படி அதே வீட்டுக்குள் இடம் மாறினாலும் சொல்லிவிடுங்கள். வீடே மாறினால் முகவரி மாற்றம் கட்டாயம்.

காரணம் காப்பீடு. எண்ணெய் நிறுவனங்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவாக எடுத்து வைத்திருக்கிறார்கள். நாம் பிரீமியம் கட்டுவதில்லை, நம் பேரில் தனிப் பாலிசியும் கிடையாது. கேஸ் விபத்தில் உயிரிழப்புக்கு ஆளுக்கு 6 லட்சம் ரூபாய். சிகிச்சைக்கு ஆளுக்கு அதிகபட்சம் 2 லட்சம், ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை. பொருள் சேதத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம், அதுவும் பதிவான முகவரியில் நடந்தால்தான். விபத்து நடந்தால் ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்வது எண்ணெய் நிறுவனத்தின் பொறுப்பு. விசாரணைக்கு வருபவர் டியூப்பின் தேதியையும் முத்திரையையும் பார்ப்பார். ஒட்டுப் போட்ட டியூப் அங்கே நமக்கு எதிரான சாட்சி.

செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரே வீட்டில் பல புள்ளிகள், அதாவது மணமான தனித்தனிக் குடும்பங்கள், தனித்தனியாகச் சமைப்பார்கள். விதிப்படி கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் ஒரே அடுப்படியில் சமைத்தால் அது ஒரு குடும்பம், அதற்கு ஓர் இணைப்பு. அடுப்படி தனி என்றால் அந்தக் குடும்பம் தனி இணைப்புக் கேட்கலாம். பங்காளி வீட்டுச் சிலிண்டரிலிருந்து வளவை (வீட்டு உள்முற்றம்) தாண்டி டியூப் இழுக்கத் தேவையே இல்லை. வீட்டைத் தங்கும் விடுதியாக்கியவர்கள் 14.2 கிலோ வீட்டு சிலிண்டரில் விருந்தினருக்குச் சமைப்பது விதிமீறல், அதற்கு 19 கிலோ போன்ற வணிக சிலிண்டர்தான்.

புது அடுப்பு பற்ற வைத்த பிறகு கேஸ் வாடை அடித்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.