ஸ்லக்: ஓடிலி நத்தை

ஓடு சுமக்காத நத்தையைக் குறிக்கும் ஸ்லக் (slug) என்ற ஆங்கிலச் சொல்லைப் பலர் 'அட்டை' என்று மொழிபெயர்க்கிறார்கள். கடலில் வாழும் சீ ஸ்லக் (sea slug) வந்தால் 'கடல் அட்டை' ஆகிவிடுகிறது. மண்டபம், தொண்டி போன்ற கடற்கரை ஊர்களில் அதைப் படிப்பவருக்குக் கண்ணில் வருவது வேறு உயிர். அவர்கள் கடல் அட்டை என்று சொல்வது நட்சத்திர மீனுக்கு உறவான முள்தோலி. 2001 முதல் பிடிக்கத் தடையுள்ளது. ரத்தம் குடிக்கும் அட்டையோ மண்புழுவோடு சேர்ந்த வளையுடலி. ஸ்லக் இந்த இரண்டுக்கும் உறவு இல்லாதது. அது நத்தை இனம்.

ஆங்கிலத்தில் ஸ்லக் முதலில் சோம்பேறியைக் குறித்தது. இந்த உயிருக்குப் பெயரானது பிறகுதான். தமிழில் நத்தைக்குப் பழைய பெயர் நந்து. சங்குக்கும் அதே பெயர் உண்டு. தொல்காப்பிய மரபியல் நந்தையும் முரளையும் ஈரறிவு உயிர்களாகச் சேர்த்து வைக்கிறது. முரள் என்பதற்குச் சிப்பி என்று பொருள் கொள்வார்கள். இன்றைய வகைப்பாட்டிலும் இரண்டும் ஒரே தொகுதிதான்: மொலஸ்கா. லத்தீனில் மோலிஸ் என்றால் மென்மை, ஆகவே மெல்லுடலி என்பது பொருத்தமான சொல். கீழக்கரைச் சங்கும் வயல் நத்தையும் அதில் வயிற்றுக்காலிகள்; வயிற்றுப்புறமே காலாக ஊர்வதால் வந்த பெயர். ஊசிக் கணவாயும் பேய்க் கணவாயும் தலைக்காலிகள்.

ஐயம் வந்தால் உயிரையே உற்றுப் பாருங்கள். தரை ஸ்லக்கின் தலையில் இரண்டு இணைக் கொம்புகள் இருக்கும். மேல் இணையின் நுனியில் கண். தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். தலைக்குப் பின்னால் சேணம் போட்டது போன்ற ஒரு மடிப்பு, அதன் வலப்பக்கம் திறந்து மூடும் மூச்சுத்துளை. கடல் அட்டைக்குக் கண் ஏந்திய கொம்பு கிடையாது. வாயைச் சுற்றி வளையமாக உணர்விழுதுகள், உடலுக்குள் நீளவாக்கில் ஐந்து தசைப்பட்டைகள். ரத்த அட்டைக்கு இரு முனையிலும் உறிஞ்சி.

பயிர்க் குறிப்பில் 'அட்டை தாக்குதல்' என்று எழுதினால் விவசாயி எதைத் தேடுவார்? ஸ்லக் உறிஞ்சுவதில்லை, அரம் போன்ற நாக்கால் இலையைச் சுரண்டித் தின்கிறது. ஓட்டையான இலையும் காய்ந்து மினுங்கும் கோழைத் தடமும் அதன் அடையாளம்.

சில ஸ்லக்குகளுக்குத் தோலுக்குள் மெல்லிய ஓட்டுத் தகடு எஞ்சியிருக்கும். தொட்டால் ஊதா மை கக்கும் கடல் முயல் என்ற சீ ஸ்லக்குக்கும் அப்படித்தான். இருந்தாலும் வெளியே சுமக்கும் ஓடு இல்லாததால் 'ஓடிலி நத்தை' என்பதே சரி. கடலில் வாழ்வது 'கடல் ஓடிலி நத்தை'.